ஐந்து டிகிரி கூட்டிக்கொள்ளவும்

யோகேந்திரன் எங்கள் பள்ளியில் ஆசிரியர் இல்லை. யாராவது வெளியாள் வந்து "சார்" என்று கூப்பிட்டால், "சார் உள்ள இருக்காரு, நான் லேப்பு" என்பார். தன்னையே ஆய்வுக்கூடமாகச் சொல்லிக்கொள்ளும் மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சோதனைக் குழாய் கழுவுவது, அமிலம் ஊற்றி வைப்பது, கேஸ் தீர்ந்தால் திரிங்காப் டவுன் வரை மோட்டார் சைக்கிளில் போய்ச் சிலிண்டர் தூக்கி வருவது, எல்லாம் அவர்தான். முப்பது வயதிருக்கும். முன்பு ஓடிப்போன ஓர் ஆசிரியர் விட்டுச்சென்ற வெள்ளைக் கோட்டை மாட்டியிருப்பார். அந்த ஆசிரியர் நல்ல பருமன் போலிருக்கிறது. கோட்டுக்குள் இன்னொரு யோகேந்திரன் தாராளமாகக் குடியிருக்கலாம்.

பள்ளி, கேமரன் மலையில் கோலா தெர்லா போகும் சாலையிலிருந்து பிரிந்து தேயிலைச் சரிவில் ஏறும் மண்பாதையின் முடிவில் இருந்தது. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா. நாற்பத்திரண்டு பையன்கள். ஐந்தாம் படிவம் முடித்து, எஸ்டிபிஎம் எழுதிப் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று ஒன்றரை வருடத்துக்கு அங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டவர்கள். பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் காய்கறித் தோட்டத்துப் பிள்ளைகள். நான் தேயிலை. அப்பா கொழுந்து லோரி ஓட்டினார்.

காலை ஐந்தரைக்குத் தொங்கும் இரும்புத் துண்டைத் தட்டுவார்கள். பல் தந்தியடிக்க முற்றத்தில் வரிசையாக நின்று பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அதைப் 'பெரட்டு' என்போம். தோட்டத்தில் வேலைக்கு இறங்குமுன் ஆள் எண்ணுவதற்கு அதுதான் பெயர். தலைமையாசிரியர் திருச்செல்வம் சாருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், முகம் சிவந்துவிடும்.

"பெரட்டுல நிக்க வேணாம்னுதான்டா ஒங்க அப்பா அம்மா இங்க அனுப்பிருக்காங்க" என்பார்.

ஆனாலும் நின்றோம். அதன் பிறகு வகுப்பு, சாப்பாடு, வகுப்பு, நாலு மணிக்கு விளையாட்டு என்ற பெயரில் புல் பிடுங்குதல், பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் படிப்பு. பேசக் கூடாது. தலை வரை கைலியைப் போர்த்திக்கொண்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்தோம். சனிக்கிழமை தோறும் டெஸ்ட். திங்கட்கிழமை மார்க்கைச் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் ஒட்டுவார்கள். கடைசி மூன்று இடத்தில் பெயர் இருந்தால் அன்று நாசி லெமாக் சோறு தொண்டைக்குள் இறங்காது. எனக்கு இறங்காத வாரங்கள் நிறைய. இப்போது நினைத்தால் அந்தக் குளிரும் அந்தப் பயமும் கூட வேண்டும் போலிருக்கிறது. வேறு எங்கேயும் நான் அவ்வளவு முழுசாக ஒரு காரியத்தைச் செய்ததில்லை.

ஆய்வுக்கூடம் பங்களாவின் பின்பக்கம், துரையின் கார் நின்ற கொட்டகையில் இருந்தது. அங்கேதான் எங்களுக்கு நிம்மதி. யோகேந்திரன் அண்ணன் எங்கள் எல்லோரையும் டாக்டர் என்றே கூப்பிடுவார். "என்னா டாக்டரு, இன்னிக்கு எத்தன டியூப்பு ஒடைக்கிறதா உத்தேசம்?" அவருக்குப் படிப்பு ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம்மோடு சரி. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்து செத்துப்போனவர். ஆனால் அந்தக் கொட்டகையில் இருந்த ஒவ்வொரு சாமானும் அவருக்குத் தெரியும். பன்னிரண்டு தெர்மாமீட்டர்களையும் தனித்தனிப் பல் துலக்கி டப்பாவில், பஞ்சு வைத்து, பெண் பிள்ளையை வளர்ப்பது மாதிரி வைத்திருந்தார். ஒவ்வொரு டப்பாவின் மேலும் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஐந்து டிகிரி கூட்டிக்கொள்ளவும்.'

அந்தச் சீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளி தொடங்கிய வருடம், தெலுக் இந்தானிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியர் வந்தார். மேலே சொன்ன கோட்டுக்காரர் அவர்தான். புதிதாக வந்த தெர்மாமீட்டர்களைச் சோதிக்க, கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்திருக்கிறார். நூறு காட்ட வேண்டியது தொண்ணூற்றைந்து காட்டியது. பன்னிரண்டும் அப்படியே. சாமான் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, "மாத்தி வாங்குற வரைக்கும் அஞ்சு கூட்டிக்க" என்று யோகேந்திரனிடம் சொன்னார். மாற்றி வாங்குமுன் குளிர் தாங்காமல் ஆசிரியரே மாறிப்போய்விட்டார். சீட்டு நின்றுவிட்டது.

பன்னிரண்டு தெர்மாமீட்டருக்கும் ஒரே நோய் வருமா என்று ஏழு வருடத்தில் ஒரு பயல் கேட்கவில்லை. அடுத்து வந்த வசுமதி டீச்சர் ஈப்போவிலிருந்து வாரம் இரண்டு நாள் மலையேறி வருவார். சீட்டைப் பார்த்ததும் யாரோ முறைப்படி சோதித்துத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று நம்பிவிட்டார். சோதிக்க வேண்டுமென்றால் எளிய வழி இரண்டு. ஒன்று கொதிநீர், இன்னொன்று உருகும் ஐஸ். கீழே ஈப்போவில் என்றால் ரோட்டோரத்து எந்த ஒட்டுக்கடையிலும் ஐஸ் கிடைக்கும். கேமரன் மலையில், கட்டிலை விட்டு எழும்பவே மனம் வராத ஊரில், ஐஸ் எவனுக்கு வேண்டும்? பள்ளியில் ஐஸ் பெட்டியே கிடையாது.

அதனால் கொதிநீர்தான். புதுப் பையன்கள் வந்த முதல் வாரம் யோகேந்திரன் அண்ணன் அதை ஒரு சடங்காகவே நடத்துவார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டரை இறக்கி, "எவ்ளோ?" என்பார். "தொண்ணூத்தி அஞ்சு." "அஞ்சக் கூட்டு." "நூறு." "அவ்ளோதான் சயின்ஸு" என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். நாங்களும் பெரிய இரகசியத்தில் சேர்க்கப்பட்டவர்கள் போல அன்று முதல் எல்லாவற்றிலும் ஐந்தைக் கூட்டினோம்.

எங்கள் வருடத்து அணியில் வேதியியல் எடுத்தவர்கள் பதினொரு பேர். கடைசிப் பருவத்தில் ஆளுக்கு ஒரு பொருளின் உருகுநிலையைக் கண்டு அறிக்கை எழுத வேண்டும். அதன் மார்க் தேர்வில் சேரும். எனக்குக் கிடைத்த பொருள் 122 டிகிரியில் உருக வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கண்ணால் பார்த்தது 122. சீட்டுக்கு மரியாதை கொடுத்து 127 என்று எழுதினேன். அதிகமாக வந்த ஐந்துக்கு, சூட்டை வேகமாக ஏற்றியது காரணமாக இருக்கலாம் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் வேறு. பதினொரு பேரும் அதே விளக்கம். மையில் எழுதி, வசுமதி டீச்சர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வர மூன்று வாரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மீன் வந்தது.

புதன்கிழமை தோறும் கந்தன் என்பவர் ஈப்போவிலிருந்து வேனில் மீன் கொண்டுவருவார். சமையல்கார காளியம்மா அக்காவுக்கும் அவருக்கும் வாராவாரம் சண்டை. அன்று அக்கா, மீன் குளிர்ச்சியாகவே இல்லை, ஐஸ் பேருக்குத்தான் கிடக்கிறது என்று பிடித்துக்கொண்டார். நாங்கள் சும்மா இருப்போமா? விஞ்ஞானிகள் ஆயிற்றே. நான்தான் ஓடிப்போய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்தேன். யோகேந்திரன் அண்ணன், "ஒடச்சிறாத டாக்டரு" என்று பதறிக்கொண்டே பின்னால் வந்தார். மீனுக்கு நடுவே உருகிக் கிடந்த ஐஸில் செருகினேன். பூஜ்யம் காட்டியது.

"அஞ்சக் கூட்டு" என்றான் என் நண்பன் குணாளன்.

"அஞ்சு டிகிரி" என்று தீர்ப்புச் சொன்னேன். "மீன் கெட்டுப்போயிரும் அண்ணே."

கந்தன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி, அஞ்சு டிகிரியில ஐஸ் எப்படிலா ஐஸா இருக்கும்? காலேஜிக்கிப் படிக்கிற புள்ளைங்களா நீங்க?"

காளியம்மா அக்கா கூடச் சண்டையை மறந்து சிரித்துவிட்டார். எங்களுக்கு முகத்தில் அசடு வழிந்தது. யோகேந்திரன் அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு வாளி ஐஸ் கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நாலு மணிக்கு நானும் குணாளனும் போய்ப் பார்த்தபோது, பன்னிரண்டு தெர்மாமீட்டரும் மீன் வாடை அடிக்கும் வாளியில் நின்றன. பன்னிரண்டும் பூஜ்யம். சீட்டுகளையெல்லாம் பிய்த்து மேசைமேல் அடுக்கியிருந்தார்.

"கோளாறு இதுல இல்ல தம்பி" என்றார். அன்று டாக்டர் என்று சொல்லவில்லை. "மலையில. இம்புட்டு ஒசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். தொண்ணூத்தி அஞ்சுதான் சரி. ஏழு வருசமா நல்ல சாமான நொண்டினு சொல்லிட்டு இருந்திருக்கேன்."

குணாளன் கணக்குப் போடுகிறவன். உடனே போட்டான். பதினொரு அறிக்கையிலும் அச்சடித்த மாதிரி ஒரே பிழை. மதிப்பீட்டாளர் பார்த்தால் மார்க் போவது இருக்கட்டும், ஒருவனைப் பார்த்து இன்னொருவன் எழுதினான் என்று சந்தேகம் வரும். அவனுக்கு ஃபார்மசி படிக்க ஏ வேண்டும். எனக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலாவது ஓர் இடம் கிடைத்தால் போதும். அதுவும் போய்விடும் போலிருந்தது.

யோகேந்திரன் அண்ணன் அன்று மாலையே தலைமையாசிரியரிடம் போனார். திருச்செல்வம் சார் கெட்டவர் இல்லை. பள்ளிக்குப் பையன்கள் குறைந்துகொண்டே வந்த காலம். பெயர் கெட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்ற பயம் அவருக்கு. கதவு திறந்தே கிடந்தது. வெளியே நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"ஜனவரில ஒனக்கு நிரந்தர வேலைக்கி சூராட் கடுதாசி குடுக்கணும்னு பள்ளி வாரியத்துல எழுதிட்டேன். வீடும் ஒனக்குத்தான். இப்ப போயி வாயத் தொறந்தா நான் என்னா செய்ய முடியும்? வர்றவங்க மேலோட்டமாத்தான் பாப்பாங்க. விடு."

"பாத்துட்டாங்கன்னா சார்?"

"பாத்தா பாக்கட்டும். புள்ளைங்க செஞ்ச தப்பாத்தான் தெரியும். ஒன் பேரு வராது."

வீடு என்றால் பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு. அதற்காக யோகேந்திரன் அண்ணன் எவ்வளவு ஏங்கினார் என்பது எங்களுக்குத் தெரியும். திரிங்காப்பில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல் ஒற்றை அறையில் இருந்தார்கள். மனைவி பூவிழி பூத்தோட்டத்தில் வேலை செய்தார். சுவரெல்லாம் ஈரம், எட்டு மாதக் குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காலி வீட்டின் ஜன்னலுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருப்பார். குழந்தையின் தொட்டிலை எங்கே கட்டுவது என்று எங்களிடம் யோசனை கேட்பார். ஏழு வருடமாக, வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். அந்த ஜனவரியைத்தான் நம்பியிருந்தார்.

மதிப்பீட்டாளர் வந்த நாள் மழை. நடுத்தர வயது மலாய்ப் பெண்மணி. குடையை மடக்கிக்கொண்டே கொட்டகைக்குள் வந்தார். நாங்கள் பதினொரு பேரும் டை கட்டிச் சுவரோரம் நின்றோம். தலைமையாசிரியரும் வசுமதி டீச்சரும் பக்கத்தில். மதிப்பீட்டாளர் முதல் அறிக்கையைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலாவதை எடுத்தார்.

யோகேந்திரன் அண்ணன் அவர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. பிய்த்த சீட்டுகளை மேசைமேல் வைத்தார். மலாயில், கொஞ்சம் திக்கித் திக்கி, தெலுக் இந்தான் ஆசிரியரிலிருந்து மீன் ஐஸ் வரை எல்லாவற்றையும் சொன்னார். முடிவில், "சாலா சாயா, புவான்" என்றார். என் தப்புதான், அம்மா.

அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பி, மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரியாதா என்று கேட்டார்.

நாங்கள் வாயைத் திறக்குமுன் யோகேந்திரன் அண்ணன் பதில் சொன்னார். பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் சொன்னதை எழுதினார்கள், அவ்வளவுதான். நாங்கள் பதினொரு பேரும் தரையைப் பார்த்தோம்.

அவர் நல்ல மனுஷி. தெரியாமல் நடந்தது, கருவி வைத்திருந்தவர் தவறாகச் சொன்னதால் வந்தது என்று எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் புதிதாகச் செய்து, புதுப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மார்க் குறைக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் யோகேந்திரன் அண்ணன்தான் அடுப்பைப் பற்ற வைத்துக் கொடுத்தார். பழைய மாதிரியே கிண்டல், பழைய மாதிரியே டாக்டர். டிசம்பரில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. வாரியம் புதுப்பிக்கவில்லை. கடைசித் தேர்வு முடிந்து நாங்கள் ஏற்கெனவே பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தோம். போகும்போது சொல்லிக்கொண்டு போனேனா என்று கூட எனக்கு ஞாபகம் இல்லை. அநேகமாக இல்லை.

குணாளன் ஃபார்மசி படித்தான். நான் வேதியியல் படித்து, ஈப்போவில் ஒரு கல்லூரியில் அதையே கற்றுக்கொடுக்கிறேன். பள்ளியை மூடிவிட்டார்கள். பங்களா இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்ட்ராபெரி ஜாம் விற்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் அப்படி விட்டுவிட்டுத்தான் சொல்லிவந்தேன். எங்களுக்குத் தெரியும். முதல் பருவத்திலேயே சனிக்கிழமை டெஸ்டில் அந்தக் கேள்வி வந்தது: உயரமான இடத்தில் நீரின் கொதிநிலை ஏன் குறைகிறது, உதாரணத்துடன் விளக்குக. பதினொரு பேரும் எழுதினோம். நான் உதாரணமாகக் கேமரன் மலையையே எழுதி முழு மார்க் வாங்கினேன். எழுதி முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் ஐந்தைக் கூட்டினேன். படிப்பு வேறு, தெர்மாமீட்டர் வேறு என்று இருந்திருக்கிறேன். மீன் வந்த அன்று சாயங்காலமே அது எங்கள் மண்டையில் உறைத்துவிட்டது. மதிப்பீட்டாளர் கேட்டபோது நாங்கள் தரையைப் பார்த்ததற்குக் காரணம் அதுதான்.

போன மாதம் ஒரு வேலையாகத் திரிங்காப் போனவன், விசாரித்து அவரைத் தேடிப் போனேன். பூக்களைக் கட்டி லோரிக்கு ஏற்றும் கொட்டகையில் மேற்பார்வை பார்க்கிறார். பூவிழி அக்காவும் அங்கேதான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டரு" என்றார். இப்போது நிஜமாகவே எனக்கு அந்தப் பட்டம் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

செவ்வந்திக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, கோப்பி கொடுத்தார். மகள் ஐந்தாம் படிவத்துக்கு வர இன்னும் சில வருடம் இருக்கிறது, கணக்கு நன்றாக வருகிறது என்றார். பிறகு அந்த வீட்டைப் பற்றி நானாகக் கேட்டேன். "அதுல இப்ப எவனோ வெள்ளக்காரன் வாடகைக்கி இருக்கான்" என்று சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, ஒங்களுக்குத்தான் தெரியாது. எங்களுக்குத் தெரியும். டெஸ்டுல எழுதினோம். நான் முழு மார்க் வாங்கினேன். அன்னிக்கு அந்தம்மா கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பழி ஒங்க ஒருத்தர் மேல விழுந்திருக்காது. பயந்துட்டேன்."

அவர் கட்டிக்கொண்டிருந்த பூங்கட்டைக் கீழே வைக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும் தம்பி" என்றார். "எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிச்சின்னு நெனைக்கிறீங்க? டெஸ்ட் பேப்பர் எல்லாம் கட்டி லேப்பு அலமாரிலதானே போட்டு வச்சிருப்பேன். ஐஸ்ல பூஜ்யம் காட்டுன ஒடனே, அப்ப தண்ணி ஏன் தொண்ணூத்தி அஞ்சுல கொதிக்கிதுன்னு தேட ஆரம்பிச்சேன். ஒங்க பேப்பருதான் மேல கெடந்திச்சி. கேமரன் மலைன்னு போட்டிருந்தீங்க. நல்லா புரியுற மாதிரி எழுதிருந்தீங்க."

"அத அவங்ககிட்ட காட்டியிருக்கலாமே அண்ணே. ஒங்க வேல..." என்றேன்.

"காட்டுனா? தெரிஞ்சிக்கிட்டே பதினோரு பேரும் பொய்க் கணக்கு எழுதுனானுங்கன்னு ஆயிரும். மறுபடி செய்ய விடுவாங்களா? அதான் அவங்க வர்றதுக்கு மொத நாளே அந்தப் பேப்பர் கட்ட எடுத்துக் காளியம்மா அடுப்புல போட்டுட்டேன்." அடுத்த பூங்கட்டை எடுத்தார். "கோப்பி ஆறுது, குடிங்க."

குடித்தேன். பூவிழி அக்கா ஒரு கட்டுப் பூவைத் தாளில் சுற்றி என் மனைவிக்கு என்று கொடுத்தார். காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் அழுதேன்.

என் கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நான் ஒரு கதை சொல்வது வழக்கம். வெறும் எஸ்பிஎம் படித்த லேப் அசிஸ்டன்ட் ஒருவர், மலைமேல் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று தெரியாமல் ஏழு வருடம் ஐந்தைக் கூட்டிய கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாலு அணிக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை கூட, முழு மார்க் வாங்கிய பையனைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை.